அடிப்பாகத்தில் ஒரு கீறல்

அமெரிக்கப் பழம்பொருள் கடைகளில் மலிவாகக் கிடக்கும் செராமிக் பொம்மைகளைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அவற்றின் அடிப்பாகத்தையே சுற்றுகிறது. 1960, 70களில் அங்கே பலர் பொழுதுபோக்காகச் செய்தவை அவை. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும், சுவரில் மண் தோல்போலப் படியும். மீதியைக் கவிழ்த்துவிட்டு, காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுவார்கள். பொம்மையைத் திருப்பினால் சிலவற்றில் 'அட்லாண்டிக் மோல்ட்' என்றிருக்கும். அது அச்சை விற்ற நிறுவனம். பொம்மையைச் செய்த கை வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசவே கூடாது. ஒரே அச்சுவகையில் எத்தனையோ வீடுகளில் வார்த்ததால் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. வண்ண விளக்குமணிகள் செருகிய பச்சைக் கிறிஸ்துமஸ் மரத்தை மட்டும் இன்றும் தேடி வாங்குகிறார்கள். எனக்கோ, சுடுவதற்கு முன் ஈரமண்ணில் யாரோ கீறிவைத்த இரண்டு எழுத்தும் ஒரு வருடமும்தான் பெரிது. அதைப் பார்த்த பிறகு முகத்துக்குத் திரும்பினால், இடது இமையில் தூரிகை சற்றே நடுங்கியிருப்பது தெரிகிறது. வலது இமையை அவர் எவ்வளவு கவனமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டியிருக்கிறார் என்பதும்.