பாத்ரூம் ஸ்டுடியோ

மே மாதம் சென்னையில் குழாயைத் திறந்தால் வருவதைத் தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். மாடித் தொட்டியில் காலை பத்து மணிக்கே 34 டிகிரி. குளிக்கிறவர்களுக்கு வெந்நீர் செலவு மிச்சம். பிலிம் கழுவுகிறவனுக்கு அதுதான் முதல் எதிரி.

கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவும் மருந்து டப்பாக்களில் எல்லாம் 20 டிகிரி என்று அச்சடித்திருப்பார்கள். அச்சடித்தவர்கள் குளிர் தேசத்துக்காரர்கள். அங்கே 20 டிகிரி சும்மா கிடைக்கும். நமக்கு ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை, வீட்டம்மா பார்க்காத நேரமாகக் கடத்தி, துணி ஊறப்போடும் பிளாஸ்டிக் டப்பில் கொட்டி, அதற்குள் மருந்து பாட்டிலை நிற்கவைத்து, தெர்மாமீட்டரைச் சொருகிக் காத்திருந்தால்தான் கிடைக்கும். டிரை-எக்ஸ் பிலிமை டி-76 மருந்தில் 20 டிகிரியில் 6¾ நிமிஷம் கழுவ வேண்டும். 24 டிகிரி ஆகிவிட்டால் 4¾ நிமிஷம் போதும். அதற்கு மேல் சூடானால் நேரம் இன்னும் சுருங்கி, மருந்தை ஊற்றி எடுப்பதற்குள் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்துப் போகும். ரொம்பச் சூடானால் பிலிம் மேல் பூசியிருக்கும் ஜெலட்டினே ஊறின அப்பளம் மாதிரி இளகிவிடும். (ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. சைவ வாசகர்கள் இந்த வரியைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.)

"செல்போன்லயே ஆயிரம் படம் எடுக்கலாமே, எதுக்கு சார் இந்தப் பாடு?" என்று ஆபீஸில் வாரம் ஒருத்தராவது கேட்கிறார். பதில் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய், மீன் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறதே என்று யாராவது கேட்கிறார்களா?

டி-76 ஒன்றும் பரம ரகசியம் இல்லை. 1927-லிருந்து இருக்கிற ஃபார்முலா. மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். போராக்ஸ் வேறு யாருமில்லை, கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மெட்டால் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது, அதனால் கையுறை அவசியம். சமையலறைக் கரண்டியை எடுத்துக் கலக்குவது ஆரோக்கியத்துக்கும் கேடு, குடும்ப அமைதிக்கும் கேடு.

காபியிலும் பிலிம் கழுவலாம். சத்தியமாக! 1995-ல் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் செய்து காட்டிய வித்தை இது. 'காஃபினால்' என்று பெயர். அப்புறம் ஆளாளுக்குக் கைவைத்து மெருகேற்றினார்கள். அதில் ஒரு பக்குவம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஈரமில்லாத வாஷிங் சோடா 54 கிராம் (ஆப்ப சோடா அல்ல), விட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித் தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிஷம். காபி எவ்வளவு மட்டமோ அவ்வளவு நல்லது. மட்ட ரகத்தில் ரொபஸ்டா கொட்டை அதிகம், பிலிமைக் கறுக்கவைக்கும் அமிலங்கள் அதில்தான் தூக்கல். கும்பகோணம் டிகிரி காபியின் பெருமையெல்லாம் இங்கே செல்லாது. வாசனை? கல்யாண வீட்டில் மறுநாள் சாயங்காலம் வரை கழுவாமல் விட்ட அண்டா.

வெயிலைப் பற்றிப் புலம்ப எனக்கு யோக்யதை இல்லை என்று சொல்லிவிடுகிற மனிதர் ஒருவர் உண்டு. லின்னேயஸ் ட்ரைப். மெட்ராஸ் ராணுவத்தில் கேப்டன். 1857-ல் அவரை மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1858-ல் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பிலிம் ஏது? பெரிய பெரிய காகித நெகட்டிவ். ஐஸ் கட்டி ஏது? ஃப்ரிட்ஜ் ஏது? அந்த நிலைமையில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்டுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கைமேல் பலன் கிடைத்தது. 1859-ல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்தப் பிரிவையே மூடவைத்தார். சிக்கன நடவடிக்கைக்கு முதல் பலி எப்போதும் இந்த மாதிரி ஆசாமிதான்.

நிற்க. எங்கள் ஆபீஸ் கேஷ் செக்‌ஷன் நண்பர் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு மஞ்சள் பையோடு என் மேஜைக்கு வந்தார். உள்ளே பழைய ஆக்ஃபா க்ளிக் III காமிரா. ஒரு காலத்தில் இந்தியாவில் நடுத்தர வர்க்க வீடுகளில் பரண்மேல் ஒன்று கட்டாயம் இருக்கும். சதுரம் சதுரமாகப் பன்னிரண்டு படம். பின்பக்கம் ஒரு சிவப்பு ஜன்னல், அதில் எத்தனையாவது படம் என்று நம்பர் தெரியும்.

ஜன்னலில் 9 தெரிந்தது.

"உள்ளே ரோல் இருக்கு சார்."

"திறந்தீங்களா?"

"பையன் ஸ்க்ரூ டிரைவரோட வந்தான். புடுங்கி வச்சுட்டேன்."

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ரோல் 1982-ல் போட்டது. அப்பா மன்னார்குடியில் வாங்கியது. ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம். (அந்தத் தொழிற்சாலையை 1960-ல் ஆரம்பித்தார்கள், 1967-ல் உற்பத்தி. இன்று அது இல்லை.) அம்மாவைச் சில படங்கள் எடுத்தாராம். ரோல் முடிவதற்குள், 1983 தை மாதம், அம்மா முடிந்துவிட்டார். வயது இருபத்தெட்டு. அப்பா காமிராவைப் பரணில் வைத்தார். அவ்வளவுதான்.

"அம்மாவுக்கு வேற போட்டோ?"

"கல்யாண போட்டோ ஒண்ணு. அதுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்காங்க. வகிடுதான் தெரியும். எனக்கு அப்ப மூணு வயசு சார். முகம் ஞாபகம் இல்லை."

இரண்டு ஸ்டுடியோக்களில் கேட்டிருக்கிறார். ஒன்றில் சிரித்தார்களாம். இன்னொன்றில், வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார்களாம். வைக்காமல் வந்ததற்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

நாற்பது வருஷம் கழித்துப் படம் வருமா? வெளிச்சம் பட்டதும் பிலிமில் படம் விழுந்துவிடுவதில்லை. வெள்ளி உப்புத் துகள் ஒவ்வொன்றிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஒரு மூலையில் கூடி உட்காரும். கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாது. டெவலப்பர் போட்டால்தான் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு முழுத் துகளும் வெள்ளியாகி, கோடிக்கணக்கான மடங்கு பெருகிக் கறுப்பாகத் தெரியும். அதுவரை அந்தச் சில அணுக்கள் கலையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உஷ்ணமும் ஈரமும் அவற்றைக் கலைக்கும். கூடவே, வெளிச்சமே படாத துகள்களும் வயசானால் தானாகக் கறுக்க ஆரம்பிக்கும். மூட்டம் என்போமே, அது.

முன்னுதாரணம் உண்டு. 1897-ல் பலூனில் வட துருவம் போகக் கிளம்பிய ஸ்வீடன்காரர் ஆந்த்ரேயும் இரண்டு தோழர்களும் திரும்பவே இல்லை. 1930-ல் ஒரு பனித் தீவில் அவர்கள் உடல்களோடு பிலிமும் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் கழுவினார்கள். 93 படங்கள் தேறின. முப்பத்து மூன்று வருஷம்! நண்பரிடம் இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அது ஐஸ் பெட்டிக்குள் இருந்த பிலிம், இது மன்னார்குடிப் பரண், பன்னிரண்டு மாதமும் அடுப்பு என்பதையும் சொன்னேன். சொல்லித்தானே ஆகவேண்டும்?

பெரியவர் சம்மதிக்க ஒரு மாதம் ஆயிற்று. வயது எண்பதைத் தாண்டியவர். போனில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கழுவிப் பார்த்து ஒண்ணுமே இல்லேன்னா?"

"அப்ப ஒண்ணும் இல்லைங்க ஐயா."

"இப்ப இருக்குல்ல?"

ஸ்டுடியோக்காரர் யாராக இருந்தாலும் அதற்குப் பதில் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, நான் வர்றேன். என் எதிர்லதான் செய்யணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். வெள்ளைச் சட்டை, வேட்டி, மடியில் மஞ்சள் பை. பாத்ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிப்பு: பத்திலிருந்து பதினொன்று வரை பாத்ரூம் கிடையாது.

மிச்சமிருந்த மூன்று படங்களையும் சும்மா சுற்றிவிட்டு, விளக்கை அணைத்து, கதவிடுக்கில் பெட்ஷீட்டைத் திணித்து, இருட்டில் காமிராவைத் திறந்தேன். நாற்பது வருஷம் சுருண்டு கிடந்த பிலிம் விரித்தால் சட்டென்று சுருண்டு கையை அறைகிறது. காகிதத்தோடு பிலிமை ஒட்டியிருக்கும் டேப்பை உரிக்கும்போது, கும்மிருட்டில் மெல்லிய நீல வெளிச்சம் ஓடும். கெட்டியாக ஒட்டிய எதைப் பிரித்தாலும் கொஞ்சம் தீப்பொறி வரத்தானே செய்யும்? அதனால் மெதுவாக, மிக மெதுவாக உரிக்க வேண்டும்.

10, 11, 12 எடுக்காத படங்கள். அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். அந்தப் பக்கத்தில் இரண்டு துண்டு வெட்டி, முதலில் அவற்றை மட்டும் வேறு வேறு நேரத்துக்குக் கழுவி, மூட்டம் எவ்வளவு என்று பார்த்தேன். அதிகம்தான், ஆனால் தார் பூசின மாதிரி இல்லை. மூட்டத்தை அடக்க பென்சோட்ரயசோல் என்று ஒரு ரசாயனத்தை மருந்தில் சிட்டிகை சேர்த்து, 20 டிகிரிக்கு ஐஸில் இறக்கி, மீதி ரோலை டாங்க்கில் போட்டு ஊற்றினேன். டாங்க்கை மூடியபின் விளக்குப் போடலாம். கதவைத் திறந்தேன். பெரியவர் நாற்காலியை உள்ளேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை டாங்க்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் தலையும் கூடவே சாய்ந்து நிமிர்ந்தது.

பிறகு ஹைப்போ. மிச்சமிருக்கும் வெள்ளி உப்பைக் கரைத்து வெளியே அனுப்புகிற மருந்து. அந்தக் குணத்தை ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1819-லேயே கண்டுபிடித்துவிட்டார். போட்டோகிராபி என்று ஒன்று உலகத்துக்குத் தெரிய இன்னும் இருபது வருஷம் இருந்தது. மருந்து ரெடி, வியாதிதான் வரவில்லை!

பத்து நிமிஷம். மூடியைத் திறந்து, சுருளை எடுத்து, தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்தேன்.

முதல் மூன்று சதுரங்களில் மூட்டம் மட்டும். நாலாவதில் தேர். ஐந்தாவதில் தேரின் சக்கரமும் யாரோ ஒருவரின் குடையும். ஆறாவதில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. (நண்பர்.) ஏழாவது பாதிக்கு மேல் கறை. எட்டாவதில் திண்ணை ஓரம் ஒரு பெண் நின்றாள். கண் கூசுகிறது போலும், ஒரு கையை நெற்றியில் வைத்து, நேராகக் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. பின்பக்கக் காகிதத்தில் அச்சடித்திருந்த 8 என்ற நம்பர் பிலிமில் பதிந்து, கூரைக்கு மேலே ஆகாயத்தில் மிதந்தது.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது என் துண்டு.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலை நரைச்சாப்ல இருக்கே."

நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும், பிரிண்ட் போட்டால் சரியாகிவிடும், முடி கறுப்பாகிவிடும் என்று நண்பர் அவசரமாக விளக்க ஆரம்பித்தார்.

"தெரியும்டா" என்றார் பெரியவர். "கொஞ்சம் இப்படியே இருக்கட்டும்."

பிலிமைத் துணிக் கிளிப்பால் ஷவர் கம்பியில் மாட்டினேன். காய மூன்று மணி நேரமாகும். அதுவரை ஃபேன் போடக்கூடாது, தூசி ஒட்டும். பெரியவர் நாற்காலியை நகர்த்தவில்லை. படம் வெளிறியிருந்ததால் சாயங்காலம் நாலாம் நம்பர் பேப்பரில் அழுத்தமாக மூன்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். முடி நல்ல கறுப்பு. ஒன்று மகனுக்கு, ஒன்று பேரனுக்கு, ஒன்று சாமி அறைக்கு. நெகட்டிவை மட்டும் பட்டர் பேப்பரில் சுற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது காபி நீட்டினோம். வாங்கிக்கொண்டவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரன் ஏதோ சொன்னான், நீங்க காபியிலயும் பிலிம் கழுவுவீங்கன்னு. இது குடிக்கிற காபிதானே தம்பி?"