எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாள்



எழுத்தறிவு இல்லாதவர் படும் இன்னலைப் பற்றி நாம் மேடைகளில் பேசியிருக்கிறோம். பிறர் பேசக் கேட்டும் இருக்கிறோம். ஆனால் அதனை ஒரு பகல் முழுவதும் நாமே பட்டறியும் வாய்ப்பு, சீன நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியான் மாநிலத்தைச் சேர்ந்த சுவான்சௌ நகரில்தான் நமக்கு வாய்த்தது.

அந்நகரில் காண வேண்டியவை பல. 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதன் 22 இடங்களை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. எனினும் நம் பயணத்தின் தலையாய நோக்கம் ஒன்றே. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆயராக வாழ்ந்து மறைந்த இத்தாலியத் துறவி ஒருவரின் கல்லறைக் கல், அவ்வூர்க் கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனை நம் கண்ணால் காண வேண்டும். மறுநாள் விடியலில் வேறு ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தமையால் நம் கையில் இருந்தது அந்த ஒரு பகல் மட்டுமே.

வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளும்படி விடுதியில் கூறினர். ஓர் ஊரை அறிய வேண்டுமாயின் அவ்வூர் மக்கள் ஏறும் பேருந்தில் நாமும் ஏற வேண்டும் என்பது நம் பழைய வழக்கம். ஆகவே விடுதிப் பணிப்பெண்ணிடம் மூன்று இடங்களின் பெயர்களையும், அவற்றுக்குச் செல்லும் பேருந்துகளின் எண்களையும் மூன்று காகிதத் துண்டுகளில் சீன எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். கைப்பேசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் வரைபடம் அந்நாட்டில் இயங்கவில்லை. அந்த மூன்று துண்டுகளே நமக்கு வழித்துணை.

முதற் பேருந்து ஓசையின்றி வந்து நின்றது. முன் வாயிலில் ஏறி நடு வாயிலில் இறங்க வேண்டும். நடத்துநர் கிடையாது. ஓட்டுநரின் அருகில் நம் கோயில் உண்டியலைப் போன்ற ஒரு பெட்டி உண்டு. கட்டணத்தை அதில் இட வேண்டும். மீதிச் சில்லறை தர மாட்டார்கள். ஊர் மக்கள் தங்கள் கைப்பேசியை ஒரு கருவியின் முன் காட்டிவிட்டு நகர்ந்தனர். நம்மிடம் இருந்ததோ பெரிய நோட்டு. அதனைப் பெட்டியில் இடப் போனபோது ஓட்டுநர் சட்டென்று அதன் வாயைக் கையால் மூடிவிட்டார். நாம் செய்த பிழை யாதென அறியாமல் திகைத்து நின்றோம். பின்னால் நின்ற இளம்பெண் ஒருத்தி தன் கைப்பேசியை இருமுறை காட்டிவிட்டு, நம்மை உள்ளே போகும்படி சைகை செய்தாள். நமக்கும் சேர்த்து அவளே கட்டணம் செலுத்திவிட்டாள் என்பது அதன் பின்னரே விளங்கிற்று. பணத்தை நீட்டினோம்; நாணிச் சிரித்துத் தலையை அசைத்து மறுத்துவிட்டாள். நாம் வீணாக இழக்க இருந்த பணத்தைக் காக்கவே அந்த ஓட்டுநர் பெட்டியை மூடினார் என்பதை எண்ணி, அவர்மீது கொண்ட சிறு மனத்தாங்கலுக்காக வெட்கப்பட்டோம்.

மேற்குத் தெருவில் இறங்கினோம். அங்குள்ள கையுவான் கோயில் கி.பி. 686-இல் நிறுவப்பட்ட பௌத்த ஆலயம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பப்பட்ட இரு கோபுரங்கள் அதன் இரு பக்கங்களிலும் ஓங்கி நிற்கின்றன. தலைமை மண்டபத்தின் பின்புறம் சென்றவர் அங்குள்ள இரண்டு கல் தூண்களைக் கண்டு வியப்படையாமல் இருக்க முடியாது. நரசிங்கமும், உரலை இழுத்துக்கொண்டு இரு மரங்களுக்கிடையே தவழும் கண்ணனும், யானையைக் காக்க வரும் திருமாலும் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளனர். இவை இவ்வூரில் முன்னொரு காலத்தில் இருந்து அழிந்துபோன இந்துக் கோயிலின் தூண்கள்; பின்னாளில் மண்டபத்தைப் பழுது பார்த்தபோது இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை.

இவ்வூரில் அத்தகைய கோயில் எழுந்தது எவ்வாறு? அதற்கு விடை தரும் கல்வெட்டு ஒன்று 1956-இல் இந்நகரில் கண்டெடுக்கப்பட்டது. அது தமிழ்க் கல்வெட்டு; இறுதி வரி மட்டும் சீனம். 1281-ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் சம்பந்தப் பெருமாள் என்பவர், அரசாணை பெற்று, கானின் நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்று அது கூறுகிறது. அக்காலத்தில் சீனத்தை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான். தம்மை ஏற்றுக்கொண்ட அயல்நாட்டு அரசருக்காக நம் முன்னோர் நம் மொழியில் வேண்டிக்கொண்ட செய்தி அக்கல்லில் நிலைத்துவிட்டது.

கோயில் வளாகத்திலேயே ஒரு பழங்கப்பலையும் கண்டோம். 1974-இல் துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டது. எஞ்சிய பகுதி மட்டுமே ஏறத்தாழ 24 மீட்டர் நீளம். உள்ளே பதின்மூன்று அறைகள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை காக்கப்படும் வகையில் தடுப்புகள் அமைத்திருக்கிறார்கள். நறுமணக் கட்டைகளும் மிளகும் அதில் கிடைத்தன. இத்தகைய கப்பல்களில்தான் அராபியரும் பாரசீகரும் தமிழரும் இந்நகருக்கு வந்தனர். அவர்கள் இதனை 'ஜைத்தூன்' என்றனர். நகரைச் சுற்றி நடப்பட்டிருந்த ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அம்மரம் வேறெதுவும் அன்று. நம் வேலியோரங்களில் செந்நிறமாய்ப் பூக்கும் கல்யாண முருங்கையே.

அடுத்து, இன்னொரு பேருந்தில் ஏறி மசூதித் தெருவுக்குச் சென்றோம். 1009-இல் கட்டப்பட்ட அம்மசூதியின் தொழுகைக் கூடத்துக்கு இன்று கூரை இல்லை. கருங்கற் சுவர்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. சற்றே தள்ளி, வீரர் குவான் யூவைத் தெய்வமாக வணங்கும் சீனர் கோயில். ஊதுபத்திப் புகை மசூதிச் சுவரின் பக்கமாக மிதந்து செல்கிறது. சிறிது தொலைவில் கன்பூசியரின் ஆலயம். ஒரே தெருவைப் பற்றிய அண்டை வீட்டாராக இவை நிற்பதைக் கண்டு சற்று நேரம் மெய்ம்மறந்திருந்தோம்.

அந்த மறதியே நமக்குத் துன்பமாய் முடிந்தது. மூன்றாம் காகிதத்தில் குறித்த எண்ணுள்ள பேருந்தில்தான் ஏறினோம். ஆனால் எதிர்த்திசையில் செல்வதில் ஏறிவிட்டோம். நிறுத்தங்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன, ஒன்றும் விளங்கவில்லை. பலகைகளில் எழுதப்பட்டிருந்தன, கோடுகளாகத் தெரிந்தனவே அன்றி எழுத்துகளாகத் தெரியவில்லை. கடைகள் அருகின, வீடுகள் குறைந்தன, கடற்காற்று வீசத் தொடங்கிற்று. கடைசி நிறுத்தத்தில் அனைவரும் இறங்க, நாமும் இறங்கினோம். மணி மூன்றரை. மாலையில் அருங்காட்சியகத்தை அடைத்துவிடுவார்கள். இத்தனை தொலைவு வந்தும் அந்தக் கல்லைக் காணாமலே போய்விடுவோமோ என்ற கலக்கம் நெஞ்சை அடைத்தது. காகிதத்தை ஏந்தியவாறு, கல்வி கற்ற நாம், எழுத்தறியாத சிறுவனைப் போல நின்றோம்.

அப்போது மூதாட்டி ஒருவர் நம்மை நெருங்கினார். அவர் கொண்டையைச் சுற்றி மலர்ச்சரங்களை வளையம் வளையமாகச் சூடியிருந்தார். சுவான்சௌவை அடுத்த ஷுன்பு என்னும் மீனவச் சிற்றூரின் பெண்கள் இவ்வாறு பூச்சூடுவது தொன்றுதொட்ட வழக்கம். பூச்சூடிய அந்தத் தலையைக் கண்டதுமே நம் ஊர்த் தாய் ஒருவரைக் கண்டாற்போல் இருந்தது. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் படிக்கத் தெரியவில்லை போலும். அருகில் நின்ற மாணவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பின்னர் நம் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு சாலையைக் கடந்து, எதிர்ப்புற நிறுத்தத்துக்கு இட்டுச் சென்றார். பேருந்து வரும்வரை உடன் நின்றார். வந்ததும் ஓட்டுநரிடம் உரத்த குரலில் ஏதோ கட்டளையிட்டார். அதன் பொருள் நமக்கு விளங்காமல் போகுமா? "இவரை இன்ன இடத்தில் மறவாமல் இறக்கிவிடு" என்பதுதான். கைகூப்பி நன்றி கூறினோம். அவரும் கையசைத்தார். அரைமணி நேரம் கழித்து ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, சாளரத்துக்கு வெளியே சுட்டிக் காட்டினார். அருங்காட்சியகம்!

உள்ளே வரிசை வரிசையாகக் கற்கள். அரபு மொழி பொறித்த கல்லறைகள், சிவலிங்கத்தை வழிபடும் யானை, தாமரை மலரின்மேல் எழும் சிலுவை, அதன் இருபுறமும் சிறகு விரித்த வானதூதர்கள். தாமரைமேல் சிலுவையைச் செதுக்கிய சிற்பியின் கை சீனக் கையாகவே இருந்திருக்க வேண்டும். இறுதியில், தேய்ந்துபோன இலத்தீன் எழுத்துகளுடன் அந்தக் கல்லைக் கண்டோம். பெருஜியா நகரின் அந்திரேயா, பிரான்சிஸ்கு சபைத் துறவி, இந்நகரின் ஆயர். அதில் 1332 என்ற ஆண்டைப் படித்தறிந்துள்ளனர்.

அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். சீனத் தலைநகரில் முதன்முதல் மறைப்பணி புரிந்த பிரான்சிஸ்கு துறவி யோவான் மொந்தெகொர்வினோ. அவர் அங்கே செல்லும் வழியில் நம் நாட்டில், புனித தோமையாரின் ஆலயம் இருந்த பகுதியில், பதின்மூன்று மாதங்கள் தங்கியவர். அவருக்குத் துணையாகத் திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து 1307-இல் ஏழு துறவியரை ஆயர்களாக நியமித்து அனுப்பினார். சென்றடைந்தவர் மூவரே. அம்மூவரில் ஒருவர் அந்திரேயா. மற்ற இருவரும் ஒருவர்பின் ஒருவராக இந்நகரில் ஆயராயிருந்து இறந்தனர். அவர்களுக்குப் பின் இவர் அப்பொறுப்பை ஏற்றார். 1326-இல் தம் தாய்மடத்துக்கு ஒரு மடல் எழுதினார். நகருக்கு வெளியே ஒரு சோலையில் இருபத்திரண்டு துறவியர் தங்கத்தக்க ஆலயம் கட்டியதையும், நரைத்த தலையைத் தவிர முதுமை தம்மைத் தீண்டவில்லை என்பதையும், இப்பேரரசில் எல்லா இனத்தவரும் தத்தம் சமயப்படி வாழ இசைவு உண்டு என்பதையும் அதில் தெரிவித்திருக்கிறார். 1321-இல் நம் நாட்டின் தானே நகரில் மறைசாட்சிகளாக மாண்ட பிரான்சிஸ்கு துறவியரின் எலும்புகளை, ஒதோரிக் என்னும் துறவி கடல் கடந்து கொண்டுவந்து சேர்த்ததும் இந்த நகரில்தான்.

அந்த வாழ்வு நிலைக்கவில்லை. 1357 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் படைக் கலகம் நகரைச் சூறையாடிற்று. 1368-இல் மங்கோலியர் ஆட்சி முடிந்தது. அயலாரின் ஆலயங்கள் இடிந்தன. அவர்களுடைய கல்லறைக் கற்கள் மதில் கட்டப் பயன்பட்டன. சிவனின் கல்லும் சிலுவையின் கல்லும் பிறையின் கல்லும் ஒரே சுவரில் அடுக்கப்பட்டு மறைந்தன. இருபதாம் நூற்றாண்டில் மதில்கள் தகர்க்கப்பட்டபோதுதான் அவை வெளிப்பட்டன. கட்டடக் கற்களாய் மீண்டும் சிதறிப் போக இருந்தவற்றைத் தேடித் திரட்டிக் காத்தவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஊ வென்லியாங். ஆயர் அந்திரேயாவின் கல்லை 1946-இல் கண்டெடுத்தவரும் அவரே. அவர் அக்கற்களைப் பற்றி எழுதிய நூல் 1957-இல் வெளிவந்தது. தம் சமயம் எது, பிறர் சமயம் எது என்று பாராமல் அனைத்தையும் காத்த அந்த ஆசிரியரை நாம் நன்றியுடன் நினைத்துக்கொண்டோம். கல்லின் முன் நின்று, வீட்டை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் அயல் மண்ணில் வாழ்ந்து அங்கேயே கண்மூடிய அம்முதியவருக்காகச் சிறு செபம் சொன்னோம்.

மாலை விளக்குகள் ஏற்றப்பட்ட பின் விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தது. பள்ளிச் சிறுவர், காய்கறிக் கூடை ஏந்திய பெண்கள், களைத்த தொழிலாளர் எனப் பேருந்து நிறைந்திருந்தது. முன்பின் அறியாதவர் தோளோடு தோள் உரசி அமர்ந்திருந்தனர். பல நாட்டினர் நூற்றாண்டுகளாகக் கூடி வாழ்ந்த ஊரைப் பத்தே ஆண்டுப் பகை சிதறடித்துவிட்டதே என்று எண்ணினோம். அவ்வளவு எளிதில் உடையக்கூடிய ஒன்றை அன்று நமக்காகத் தாங்கிப் பிடித்தவர் மூவர்: கட்டணம் செலுத்திய பெண், பெட்டியை மூடிய ஓட்டுநர், பூச்சூடிய மூதாட்டி. மூவரின் பெயரும் நமக்குத் தெரியாது.

நாடு திரும்பிய சில நாட்களில் நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் வட மாநிலத் தொழிலாளி ஒருவரைக் கண்டோம். கையில் கசங்கிய ஒரு காகிதத் துண்டு. வரும் பேருந்து ஒவ்வொன்றின் பலகையையும் அண்ணாந்து பார்த்தார். தமிழ் எழுத்துகள் அவருக்கு வெறும் கோடுகளே. பலர் அவரைக் கடந்து சென்றனர். முன்பெல்லாம் நாமும் கடந்தே சென்றிருப்போம். அன்று நின்றோம். காகிதத்தை வாங்கிப் படித்தோம். எதிர்ப்புறம் செல்ல வேண்டியவர் இந்தப் புறம் நின்றிருந்தார்.

அவருடைய சட்டைக் கையைப் பற்றிச் சாலையைக் கடக்கும்போது, அந்த மூதாட்டியாரின் நினைவு வந்தது. பேருந்து வந்ததும் நடத்துநரிடம் உரக்கச் சொன்னோம்: "தம்பி, இவரை மறக்காமல் இறக்கிவிடுங்கள்."