ஆள் எங்கே போனார்கள்?

'நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை' என்கிறீர்கள். ஆனால், 2018-19இல் நாட்டின் உழைப்பாளர்களில் 42.5 சதவீதமாக இருந்த வேளாண்மையின் பங்கு, 2023-24இல் 46.1 ஆகக் கூடியிருக்கிறது. கூடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் பலர் சொந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பவர்கள். அடுத்தவர் வயலுக்கு அவர்கள் வருவதில்லை.

இனியும் வர ஆளிருக்காது. தமிழகத்தில் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. நான் போகும் வயல்களில் நாற்று நடுகிறவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களின் மகள்கள் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடுகிறார்கள். சேற்றில் குனிய அவர்களைக் கூப்பிடாதீர்கள். என் மகளையும் நான் அனுப்ப மாட்டேன். நடவு இயந்திரம் ஓட்டக் கூப்பிடுங்கள்.

செயலியில் இயந்திரத்தை வாடகைக்குப் பதியலாம். ஓட்டத் தெரிந்தவர் வேண்டுமே! வேளாண் பொறியியல் துறைப் பயிற்சியில் இந்தப் பெண்களுக்கு முதலிடம் தர வேண்டும். பாய் நாற்றங்காலையும் அவர்களிடமே கூலிக்கு விடுங்கள். பதினைந்து நாளில் நாற்று தயாராகிவிடும்.