அட்டைப்பெட்டியில் இருப்பதா வேகம்?

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவோரைக் கண்டு ஊர் நகைக்கும். ஆனால் கணிப்பொறிக் கடையில் நிற்கும்போது நாமும் அப்படித்தான் ஆகிவிடுகிறோம். வண்ண விளக்கு மின்னும் நினைவகம். பெட்டியின்மேல் 6000 என்று கொட்டை எழுத்தில் ஓர் எண். அவ்வளவுதான், பர்ஸ் தானே திறந்துகொள்கிறது! அளந்து பார்க்காத வேகத்துக்கு விலை கொடுக்கலாகாது என்பதே என் கருத்து.

என் தந்தையார் ஓசூர் சிப்காட்டில் ஒரு பட்டறையில் பாகங்களைச் சரிபார்ப்பவர். வெர்னியர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அவருடைய போனஸ் பணத்தில் நான் 6000 என்று பொறித்த டிடிஆர்5 நினைவகம் ஒன்று வாங்கினேன். நண்பர்களிடம் பெருமையும் பேசினேன். எட்டு மாதம் கழித்துத் தற்செயலாகப் பார்த்தால், அது ஓடிக்கொண்டிருந்தது 4800-இல்! இத்தகைய நினைவகம் முதலில் குறைந்த வேகத்திலேதான் விழிக்கும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்கினால்தான் பெட்டியில் போட்ட வேகம் வரும். செய்தி அறிந்த தந்தையார் கோபிக்கவில்லை. "அளந்து பாத்தியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

அந்த 6000 எதைச் சொல்கிறது? நொடிக்கு 600 கோடி முறை செய்தி கைமாறும் என்கிறது. கேட்ட செய்தி வரத் தொடங்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள சிஎல் எண்ணைப் பார்க்க வேண்டும். அதை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால் நானோநொடி கிடைக்கும். 2003-ஆம் ஆண்டளவில் விற்ற டிடிஆர் 400, சிஎல் 2: 10 நானோநொடி. டிடிஆர்4 3200, சிஎல் 16: அதுவும் 10. டிடிஆர்5 6000, சிஎல் 30: மீண்டும் 10! அதே 6000, சிஎல் 40 என்றாலோ 13.3.

அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். சாவடிக்கு அப்பால் சாலையை எத்தனை அகலப்படுத்தினாலும், சாவடியில் நிற்கும் நேரம் குறைவதில்லை.

அப்படியானால் வேகம் வீணா என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணிப்பொறியில் படமும் இதே நினைவகத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது. அங்கே வேகத்தின் பயன் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் அங்கேயும் 16 ஜிபி ஒன்று வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு வாங்கி, இரு தடங்களில் பொருத்துவது நல்லது. எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டுவது போதிய கொள்ளளவு. நினைவகம் நிரம்பி வட்டுக்குப் போக நேர்ந்தால், காத்திருப்பு பன்மடங்கு கூடிவிடும். ஆகவே முதலில் கொள்ளளவு, அடுத்து இரட்டைத் தடம், மூன்றாவதாகவே வேகம்.

வாங்கிய பின்னும் வேலை முடியவில்லை. நாம் அன்றாடம் இயக்கும் ஒரே நிரலை, எக்ஸ்எம்பி இல்லாமல் மூன்று முறையும் அதை இயக்கி மூன்று முறையும் ஓட்டி நேரம் குறிக்க வேண்டும். மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒரே ஒரு பிட் மாறினாலும் ஓராண்டு உழைத்த புராஜெக்ட் பாழாகலாம். பிழை காட்டும் வேகம் வேகமே அன்று.

2025-ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. நம்மில் பலருடைய வீட்டில் அந்தப் பணம் மாந்தோப்பிலும் ரோஜாத் தோட்டத்திலும் இரவு ஷிப்டிலும் வியர்வை சிந்திச் சேர்த்தது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் பேருந்து ஏறுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நண்பர்களே! ஓசூர் கைக்கடிகாரம் செய்யும் ஊர். நேரத்தை அளக்கும் கருவியை உலகுக்குத் தரும் மண்ணில் பிறந்த நாம், பத்து நானோநொடியை அளக்கத் தெரியாமல் ஏமாறலாமா? அளந்து வாங்குவோம், வாங்கியதையும் அளப்போம்!

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் இயற்பியல்