எங்கே நோயாளி என்று கேட்கிறார்கள்!

சாத்தூரிலிருந்து சிவகாசி வரை வழிநெடுகச் சிமெண்ட் ஷீட் கூரைகள்தான். தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையும் அதன் கீழே; அதில் வேலை பார்ப்பவரின் வீடும் அதன் கீழே. சிமெண்ட் ஷீட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கல்நார் கலந்த ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். இதை அறுத்து, துளைபோட்டு, உடைத்து அள்ளும் தொழிலாளி விழுங்கும் தூசியைப் பற்றி வாய் திறந்தால் போதும், ஷீட் வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்குவோர் எழுந்துவிடுகிறார்கள்: “எங்கே நோயாளி? இத்தனை வருஷமாக ஷீட் போடுகிறோமே, ஒருவனைக் காட்டுங்கள்!”

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். நோய் வளரும் விதம் தெரிந்தவர்களுக்கு அதன் சூது விளங்கும்.

கல்நார் நார் நாராகப் பிரியும் கல். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த நார் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகிறது. உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்க ஓடி வருகின்றன. நீளமான நாரோ காவல் அணுவின் வாய்க்குள் அடங்காது. விழுங்கவும் முடியாமல், விடவும் முடியாமல், அந்த அணு தன்னிடமுள்ள நச்சையெல்லாம் வெளியே கக்குகிறது. வருஷக்கணக்கில் புண் ஆறுவதில்லை. பக்கத்து உயிரணுக்களின் மரபணுக்கள் அடிமேல் அடி வாங்குகின்றன.

நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயில் நடப்பது என்ன? உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பிரேக்குகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுகின்றன. பி.ஏ.பி.1 என்ற காவல் மரபணு பல நோயாளிகளிடம் ஆரம்பத்திலேயே பறிபோகிறது; என்.எஃப்.2 என்பது பெரும்பாலும் பின்னால் போகிறது. ஒரே கட்டியின் நாலு இடங்களில் சதை எடுத்துப் பார்த்தால் நாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அடிமரம் ஒன்று, கிளைகள் பல. மருந்து ஒரு கிளையை வெட்டினால் இன்னொரு கிளை தழைக்கிறது.

அதோடு நின்றதா? கட்டி, காவல் அணுக்களில் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவை கட்டியைத் தாக்குவதை விட்டு, தாக்க வரும் அணுக்களைத் தடுத்து நிறுத்துகின்றன. வேலைநிறுத்தத்தில் கருங்காலிகளைப் பார்த்த நம் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை! இந்தத் தடையை உடைக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா 2020-ல் அனுமதித்தது. 605 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், பழைய மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.1 மாதம், புதிய மருந்து பெற்றவர்களுக்கு 18.1 மாதம். நான்கு மாதம் கூடியது. விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த விலையுயர்ந்த நான்கு மாதம் சாத்தூர் கூலிக்காரனுக்கு எட்டுமா?

இத்தனையும் நடந்து முடிய 20 முதல் 50 வருஷம் ஆகிறது. இருபது வயதில் ஷீட் சுமந்தவன் அறுபதில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போவான். காண்டிராக்டர் இருக்க மாட்டார். மஸ்டர் ரோல் இருக்காது. நாற்பது வருஷத்துக்கு முன் என்ன வேலை பார்த்தாய் என்று அங்கே யார் கேட்கப் போகிறார்கள்? நெஞ்சில் நீர் என்று டி.பி. மாத்திரை கொடுத்து அனுப்பினாலும் ஆச்சரியமில்லை. தேடாமல் இருந்துவிட்டு, நோயாளி இல்லை என்கிறார்கள்.

“வெள்ளைக் கல்நார் சாது; சீக்கிரம் கரைந்துவிடும்” என்பது அடுத்த வாதம். நீலக் கல்நாரைவிட அது நுரையீரலில் குறைந்த காலம் தங்குகிறது என்பது உண்மையே. நார் போய்விடலாம், அறுந்த மரபணு திரும்பி வருமா? எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் தீர்ப்பு. 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடன் ஆராய்ந்தவர்களும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்காதவர்கள்; சிறு வயதில் அதன் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான்.

60-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2017-ல் தடுத்தது. 2019-ல் அங்கே கோயாஸ் மாநிலம் ஏற்றுமதிக்கு மட்டும் தோண்டலாம் என்று சட்டம் போட்டது. தன் பிள்ளைக்கு ஆகாத விஷம் நம் பிள்ளைக்கு ஆகுமாம்! நம் சர்க்கார் மட்டும் என்ன? கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதிய குத்தகை தருவதை 1986-ல் நிறுத்தியது. இறக்குமதிக்குக் கதவைத் திறந்தே வைத்தது. வெள்ளைக் கல்நாரை ராட்டர்டாம் ஒப்பந்தத்தின் அபாயப் பட்டியலில் சேர்ப்பதை 2013-லும் 2015-லும் 2017-லும் எதிர்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பட்டியலில் சேர்த்தால் தடைகூட இல்லை, ஏற்றுமதிக்கு முன் தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவே. அதற்கே இத்தனை நடுக்கம்.

1995 ஜனவரி 27-ல் சுப்ரீம் கோர்ட், கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் மெதுவாக வரும் என்பதைக் கோர்ட்டு உணர்ந்திருந்தது. ஆனால் ஆலைக்கு வெளியே, நம் ஊர்க் கூரைமேல் நின்று கட்டிங் மெஷின் பிடிக்கும் கூலியாள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறான்? அவன் பெயரை எழுதச் சொல்கிறோம். நுரையீரல் நோயாளியிடம் பழைய வேலையைக் கேட்டு எழுத அரசு ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவு போடச் சொல்கிறோம். இறக்குமதியை நிறுத்தி, ஏழை வீட்டுக்கு மாற்றுக் கூரை போட மானியம் கேட்கிறோம்.

அதுவரை, தோழர்களே, ஷீட்டை உலர்ந்தபடி அறுக்காதீர்கள்; நனைத்து, கை ரம்பத்தால் அறுங்கள். காற்றில் உடைந்த துண்டுகளை விளக்குமாறால் கூட்டாமல் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு போடாதீர்கள். துவைப்பவளும் அதே தூசியைத்தான் சுவாசிக்கிறாள்.