ரோலர் கோஸ்டரும் கார் விபத்தும் ஒன்றா?

2022-ல் வந்த ஐபோன் 14 கார் விபத்தைத் தானே கண்டறியும். சில வாரங்களிலேயே அமெரிக்காவில் ரோலர் கோஸ்டரில் போனவர்களின் போன்கள், விபத்து என்று நினைத்து அவசர உதவிக்கு அழைத்துவிட்டன!

அதிர்வு, வேகம் எல்லாம் நிஜம்தான். சூழ்நிலையை வகைப்படுத்தியதில்தான் தப்பு. எங்கள் காமர்ஸ் பாஷையில், தொகை சரி; பேரேட்டில் வேறு கணக்கில் எடுத்தெழுதிவிட்டது.

'இடம் கேளிக்கைப் பூங்கா' என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். அதற்காக அங்கே அழைப்பையே நிறுத்தக் கூடாது. பூங்கா வாசலிலும் கார் மோதும். அழைக்கும் முன் போன் அலாரம் அடித்து, ரத்து செய்ய அவகாசம் தருகிறது. மயங்கிக் கிடப்பவர் எப்படிப் பதில் சொல்வார்? மௌனத்தை 'ஆம்' என்று எடுப்பதே சரி. வீண் அழைப்பில் நேரம் நஷ்டம். வராத அழைப்பில் உயிரே போகலாம். நீங்க என்ன சொல்றீங்க?