சத்தியமா குடிக்கலம்மா!

போன வாரம் திண்டுக்கல்லில் இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். பி.காம். மூன்றாம் ஆண்டு. வயிற்றில் லேசா வலி என்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பயந்த மாதிரி அப்பெண்டிக்ஸ் எல்லாம் இல்லை. ஆனா ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று இருந்திருக்கிறது. லிவர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. "எத்தனை நாளாடா இந்தப் பழக்கம்?"

"அண்ணே, பீர் பாட்டிலைக் கையால தொட்டதுகூட இல்ல. அபிராமி அம்மன் மேல சத்தியம் பண்ணியும் நம்ப மாட்டேங்கிறாங்க. டாக்டர் மாத்திரையும் தரல, 'எடையைக் குறை'ன்னு அனுப்பிட்டார். இப்ப நான் என்ன பண்றது?" பாவம், குரலே உடைஞ்சிருந்தது.

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சாத்தியம். கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தா அது ஃபேட்டி லிவர். குடிச்சாலும் வரும், குடிக்காமலே தொப்பையாலும் வரும். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் 541 பேரை ஸ்கேன் பண்ணி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், குடியால் வராத கொழுப்புக் கல்லீரல் 32 சதவீதம் பேருக்கு! கிட்டத்தட்ட மூணு பேரில் ஒருத்தர். இந்த நோயின் ஆங்கிலப் பேரில் இருந்த 'குடியால் வராத' என்ற அடைமொழியையே 2023-ல் டாக்டர்கள் தூக்கிட்டாங்க. இப்போதைய பேர், உடம்பின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்து வருகிற கொழுப்புக் கல்லீரல் என்ற அர்த்தத்தில் இருக்கிறது. (ஆனா ஒண்ணு. தொப்பையும் இருந்து 'வீக் எண்ட்' பார்ட்டியும் உண்டு என்றால் கல்லீரலுக்கு ரெண்டு பக்கமும் அடி. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிட்டேன்.)

கொழுப்பு எப்படி உள்ளே போச்சு? வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு இருக்கிறதே, அதில் இருந்து கிளம்புகிற கொழுப்பு அமிலம் நேரா கல்லீரலுக்குத்தான் வரும். அங்கே இருந்து வருகிற ரத்தக் குழாயின் ரூட்டே அப்படி. அது போக, கூல் டிரிங்க்ஸில் இருக்கிற சர்க்கரையைக் கல்லீரலே கொழுப்பாக மாத்தி வெச்சுக்கும். திண்டுக்கல்காரர்கள் உடனே சீரக சம்பா பிரியாணியைச் சந்தேகமாப் பார்க்காதீங்க. என் கேஸ், பிரியாணி கூட வாங்குகிற பெரிய பாட்டில் மேலதான். அப்புறம் சாப்பிட்டு முடிச்சு நாலு மணி நேரம் செல்போனோடு படுத்துக் கிடக்கிறோமே, அது மேலயும்.

'சரி, லிவர்ல கொழுப்பு. இருந்துட்டுப் போகட்டும்'னு விட்டுடலாமா? இங்கேதான் மேட்டரே இருக்கு பாஸ். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் அதிகம் பேர் சாவது கல்லீரல் கெட்டு இல்லை. இதய நோயால்.

நம்ம ரத்தக் குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கு. வெறும் பெயிண்ட் மாதிரி என்றுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. ஆனா அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, 'குழாயே, விரிஞ்சு கொடு' என்று ஆர்டர் போடும். இந்தச் சங்கதியைக் கண்டுபிடிச்சதுக்கு 1998-ல் மூணு பேருக்கு நோபல் பரிசு. அந்த ஆர்டரைப் போடச் சொல்லித் தூண்டுகிறவர்களில் இன்சுலினும் ஒருத்தர்.

பூட்டு ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்றது ஈஸி. இன்சுலின் ஒரு சாவி. கல்லீரலில் கொழுப்பு சேரும்போது பெரும்பாலும் பூட்டு இறுகிப் போயிருக்கும், சாவி திரும்பாது. கணையம் 'ஒரு சாவி போதலையா, இந்தா பத்து' என்று அனுப்பிக்கிட்டே இருக்கும். ரத்தக் குழாய்ப் படலத்திலும் அதே கதை. நைட்ரிக் ஆக்சைடு குறையும், குழாய் விறைக்கும்.

இன்னொரு பக்கம், நிரம்பி வழிகிற கல்லீரல் டிரைகிளிசரைடை ரத்தத்தில் ஏத்தி விடும். நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். ரத்தம் உறைய உதவுகிற ஃபைப்ரினோஜனும், உடம்பில் அழற்சி இருக்கு என்று காட்டுகிற சி.ஆர்.பி.யும் தயாராகிற ஃபேக்டரியும் இதே கல்லீரல்தான். கொழுப்பு கூடினா அவற்றின் உற்பத்தியும் கூடும். உப்புத் தண்ணி வர்ற பைப்பைக் கழட்டிப் பார்த்திருக்கீங்களா? வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே பாதி அடைச்சிருக்கும். ஆனா பைப்புக்கு வலிக்காது. இதுக்கும் வலிக்காது.

இதை அளந்தே பார்த்திருக்காங்க. கையில் பி.பி. பட்டையை அஞ்சு நிமிஷம் இறுக்கி, பட்டுனு விட்டதும் தமனி எவ்வளவு விரியுதுன்னு ஸ்கேனில் பார்ப்பது ஒண்ணு. கழுத்துத் தமனியின் சுவர் எவ்வளவு தடிச்சிருக்குன்னு பார்ப்பது இன்னொண்ணு. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2012-ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்குச் சுவர் தடிப்பு கூடுதல், விரிவு குறைச்சல். உடல் பருமன் கணக்கைக் கழிச்சுப் பார்த்தாலும் அதே ரிசல்ட்!

அதுக்காகக் கல்லீரல்தான் ஒரே வில்லன் என்று முடிவு கட்டிடவும் முடியாது. பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவின் ஒரு வகையால் கல்லீரலில் கொழுப்பு சேர்கிறவர்களுக்கு, அதே அளவுக்கு இதய நோய் கூடுவதில்லை. அதனால கொழுப்பை விட, அது எந்த வழியாக வந்தது என்பதுதான் முக்கியம் என்று ஒரு கட்சி வாதாடுது. தொப்பை வழியா வந்தது ஆபத்து என்பதில் மட்டும் ரெண்டு கட்சியும் ஒண்ணு.

'நான்தான் ஒல்லியாச்சே' பார்ட்டிகள் சிரிக்காதீங்க. 2004-ல் லான்செட் இதழில் ரெண்டு டாக்டர்களின் போட்டோ வந்தது. ஒருத்தர் லண்டன் யுட்கின், இன்னொருத்தர் நம்ம புனே யாஜ்னிக். உயரத்துக்கான எடைக் கணக்கு ரெண்டு பேருக்கும் 22.3. ஆனா உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! நம்ம ஊர் உடம்பு அப்படி. அதான் நமக்கு எடை மெஷினை விட இஞ்ச் டேப் முக்கியம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினா உஷார். பேண்ட் சைஸைச் சொல்லி ஏமாத்தக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுட்டு அளக்கணும். எக்கிக்கிட்டு அளக்குறது செல்லாது!

மாத்திரை தரலைன்னு தம்பிக்கு வருத்தம். கிரேடு 1-க்கு அந்த டாக்டர் சொன்னதுதான் மருந்து. 80 கிலோ ஆள் 4 கிலோ குறைச்சாலே கல்லீரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும், 7 கிலோ குறைச்சா இன்னும் நல்லது. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தா, எடை இறங்காட்டியும் கல்லீரலுக்கும் குழாய்க்கும் லாபம். பட்டினி கிடந்து ஒரே மாசத்தில் குறைக்கிறேன்னு கிளம்பினா கல்லீரல் இன்னும் மோசமாகலாம். 'லிவர் டீடாக்ஸ்' பவுடருக்குப் பாக்கெட் மணியைக் கொட்டாதீங்க. வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், எஸ்.ஜி.பி.டி., பி.பி. நாலையும் ஒரு தடவை பார்த்துடுங்க. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு.

போன்லயே இதை எல்லாம் தம்பிகிட்ட சொல்லி, "ஸ்பீக்கர்ல போடு"ன்னு அம்மாகிட்டயும் சொன்னேன். ம்ம்... ம்ம்...னு கேட்டுக்கிட்டாங்க. நம்பின மாதிரி தெரியல.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி தம்பி. தையல் மெஷின் டிராயரில் இருந்து டேப்பை எடுத்து அளந்திருக்கிறார்கள். தம்பிக்கு 98. அப்புறம் அம்மா டேப்பை வாங்கி, சேலைக்கு மேலயே தன் இடுப்பைச் சுத்திப் பார்த்தாங்களாம். 94. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலையாம்.

"சத்தியமா நானும் குடிக்கலடா."

திங்கட்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனைக்குப் போறாங்க.